அம்மாவின் மனை விற்பனை: 4 லட்ச வரம்பில் மிச்சமிருப்பதைக் கழிக்கலாமா?

வணக்கம். அம்பத்தூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது. தன் பெயரில் 2003 ஜூனில் 2.20 லட்சத்துக்கு வாங்கிய மனையைப் போன ஆகஸ்டில் (2025) 24 லட்சத்துக்கு விற்றார். வரி எவ்வளவு என்பதில்தான் சிக்கியிருக்கிறோம்.

பென்ஷன் வருடத்துக்கு 3.50 லட்சம், வங்கி வட்டி 40,000. நிலையான கழிவு 75,000 போக 3.15 லட்சம். புதிய வரி முறை.

"12 லட்சம் வரை வரியே இல்லை" என்று பட்ஜெட் சமயத்தில் கேட்டதை நம்பி அம்மா நிம்மதியாக இருந்தார். அந்தத் தள்ளுபடி மனை லாபத்துக்குப் பொருந்தாது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. அது அவர் மருத்துவச் செலவுக்கென்று வைத்த பணம்.

இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டேன். வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் (வாங்கிய ஆண்டுக்கு 109, விற்ற ஆண்டுக்கு 376) உயர்த்தி, லாபத்துக்கு 20 சதவீதம் என்றால் சுமார் 3.28 லட்சம். குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றால் 2.72 லட்சம். இரண்டாவதுதான் குறைவு, அதில் குழப்பமில்லை.

இரண்டு ஆடிட்டர்களிடம் போனேன். வரியில்லாத அடிப்படை வரம்பான 4 லட்சத்தில், 3.15 லட்சம் போக மிச்சமுள்ள 85,000-ஐ லாபத்தில் கழிக்கலாம் என்கிறார் ஒருவர். புதிய முறையில் முடியாது என்கிறார் மற்றவர். வித்தியாசம் 10,625 ரூபாய், செஸ் தனி. எங்களுக்கு அது பெரிய தொகை.

இந்த 85,000-ஐ 12.5 சதவீத லாபத்தில் கழித்துக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அது ஏற்கப்பட்டதா?