டிரெயின் போல்ட்டில் சொட்டிய ஆயில்: உங்கள் வண்டியில் அது உண்மையில் எங்கிருந்து வந்தது?

பாலக்கோட்டுப் பால்வண்டி:

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 2003இல், என் தந்தையார் வாங்கிய ஸ்ப்ளெண்டரில்தான் இன்றும் காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் கேன் கொண்டு போகிறேன். ஆறு மாதங்களுக்கு முன்பு சங்கத்தின் சிமெண்ட் தரையில், நான் வண்டி நிறுத்தும் இடத்தில் மட்டும், நாலணா அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு விழத் தொடங்கியது. குனிந்து பார்த்தபோது, இஞ்சினின் அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் தலையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட்டில் சொட்டுகிறது என்றால் போல்ட்டை இறுக்கினால் தீர்ந்தது என்று நினைத்து ரிங் ஸ்பேனரை எடுத்தேன்.

முதல் வாரம் கால் சுற்று இறுக்கினேன். மறு வாரமும் பொட்டு விழுந்ததால் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மூன்றாவது முறை ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு அமுக்கினேன். அந்தக் கணம் இன்னும் என் மணிக்கட்டிலேயே இருக்கிறது. இறுகி இறுகி வந்த போல்ட், கூழில் கரண்டி சுழல்வதைப் போலச் சும்மா சுழன்றது. மரை போய்விட்டது. அலுமினிய உறையின் மரை, வெள்ளி முடிபோலச் சுருண்டு போல்ட்டோடு வெளியே வந்தது.

தருமபுரியில் ஒரு லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட்டுக் கொடுத்தார்கள். புதிய போல்ட், புதிய வாஷர். நான்காம் நாள் சங்கத்துத் தரையில் அதே பொட்டு!

அதன் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். இஞ்சினின் அடிப்பகுதி முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, வீட்டிலிருந்த பவுடரை, சிலிண்டரின் முனையை மூடும் ஹெட்டிலிருந்து டிரெயின் போல்ட் வரை தூவிவிட்டு மாரண்டஅள்ளி வரை ஓட்டித் திரும்பினேன். டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரின் மேல் எறும்பு வரிசையைப் போல ஒரு பழுப்புக் கோடு, ஹெட்டின் கீழ்ப்புறமுள்ள, வால்வைச் சரிசெய்யத் திறக்கும் டேப்பட் மூடியில் தொடங்கி, இஞ்சினின் வயிற்றை ஒட்டியே பின்னால் ஓடி, டிரெயின் போல்ட்டில் முடிந்திருந்தது. இந்த வண்டியின் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருப்பதால் எக்ஸாஸ்ட் பக்க டேப்பட் மூடி தரையைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே கசிவதை ஓட்டத்தின் காற்று பின்னால் தள்ளிக்கொண்டு போகிறது, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் அது துளியாகிறது. மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்த ரப்பர் ஓ-ரிங், நகத்தால் நெம்பியதும் மூன்று துண்டாக உடைந்தது. தேநீர்க் காசில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை.

குற்றமற்ற போல்ட்டுக்கு நான் கொடுத்த தண்டனைதான் இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?


காவேரிப்பட்டணம் செயின்கவர்:

பால்வண்டி நண்பர் பவுடரைக் கண்டுபிடிப்புப் போல எழுதியிருப்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. எங்கள் பக்கத்து மண்சாலையில் பத்து நிமிடம் ஓட்டினாலே எண்ணெய் பட்ட இடத்தில் புழுதி தானாக ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு ஓட்டினால் போதும், பவுடரை வீணாக்க வேண்டியதில்லை.

என் கதை வேறு. வண்டி ஏறத்தாழ அதே வயதுடையது. இடப்பக்கம், செயின் கவருக்கு அடியில் கசிவு. செயினுக்கு நான் தாராளமாக ஆயில் விடுகிறவன் என்பதால், அதுதான் சிதறி வடிகிறது என்று ஓராண்டு முழுவதும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின் டயரின் பக்கவாட்டில் ஈரம் மின்னியதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. கவரைத் திறந்தால், முன் பற்சக்கரத்தைச் சுற்றி மண்ணும் கிரீஸும் சேர்ந்து புளி உருண்டையைப் போல ஒரு கட்டி. அதைச் சுரண்டி எடுத்ததும், பற்சக்கரத்தின் பின்னால் ஆயிலை வெளியே விடாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டிலிருந்து சுத்தமான இஞ்சின் ஆயில் ஊறிக்கொண்டிருந்தது.

சீலை மாற்றியவர் பழையதை ஸ்குரூடிரைவரால் குத்தி நெம்பி எடுத்தார். புதியதை ஒரே பக்கமாகச் சுத்தியலால் தட்டி இறக்கினார். சீல் சாய்ந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. இரண்டே வாரத்தில் மறுபடியும் கசிவு. இரண்டாம் முறை நானே, சீலின் விளிம்பளவே உள்ள ஒரு பழைய பாக்ஸ் ஸ்பேனர் குழலை அதன் மேல் சமமாக வைத்து, உதட்டில் சிறிது ஆயில் தடவி, மெதுவாகத் தட்டி இறக்கினேன். அந்தச் சீல் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. தட்டும்போது ஓசை மாறும். அடியில் போய் உட்கார்ந்ததும் 'டக்' என்று கனத்த ஓசை வரும். அந்த ஓசைக்காகவே இதை எழுதுகிறேன்.


தேன்கனிக்கோட்டை 350:

முதலில் செயின்கவர் நண்பருக்கு ஒரு சொல். எங்கள் பக்கம் பாதி நாள் தூறலும் பனியுமாக இருக்கும். புழுதி எங்கிருந்து ஒட்டும்? பவுடர் தேவைதான்.

என்னிடம் இருப்பது பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட். 'புல்லட் என்றால் சொட்டத்தான் செய்யும், சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று பொருள்' என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது சோம்பேறி மெக்கானிக்குகளின் வேதவாக்கு என்பது என் முடிந்த கருத்து.

மார்கழி மாதம். வேலை காரணமாக ஏழு வாரம் வண்டியை எடுக்கவில்லை. விடியற்காலையில் வெளியே தள்ளி, ஆயில் அளவைப் பார்த்தேன், குறைவாகக் காட்டியது. அரை லிட்டர் ஊற்றினேன். மூன்றாவது கிக்கில் வண்டி கிளம்பியது. கிளம்பிய கையோடு, இஞ்சினுள் இருக்கும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகக் கருப்பு ஆயில் குபுக்கென்று துப்பியது. என் மனைவி நாலரை மணிக்கு எழுந்து, இருபத்தொரு புள்ளி வைத்துப் போட்டு, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகியிருந்த கோலத்தின் மேல் அது விழுந்தது. பூசணிப் பூவின் மஞ்சளில் அந்தக் கருப்பு வழிந்ததை நான் மறந்தாலும் வீட்டில் மறக்கவிடுவதில்லை.

நடந்தது இதுதான். அந்த இஞ்சினில் ஆயில் தொட்டி தனிப் பகுதி, கிராங்க் சுழலும் அறை தனிப் பகுதி. வண்டி வாரக்கணக்கில் நின்றால், தொட்டியிலுள்ள ஆயில் பம்ப்பின் தேய்ந்த இடைவெளிகள் வழியே மெல்ல மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். தொட்டியில் குறைவாகத் தெரியும், ஆனால் ஆயில் எங்கும் போயிருக்காது. அதை அறியாமல் மேலும் ஊற்றினால், கிளப்பியதும் மிச்சமெல்லாம் பிரீதர் வழியாக வெளியே வந்துவிடும். இப்போது நீண்ட நாள் நின்ற வண்டியென்றால், கிராங்க் அறையின் பிளக்கைக் கழற்றி அங்கே தேங்கியதை வடித்துவிட்டு, சுத்தமாக இருந்தால் அதையே தொட்டியில் ஊற்றுகிறேன். இஞ்சின் ஓடிச் சூடான பிறகே அளவு பார்க்கிறேன். பிரீதர் நுனியில் வாத்தின் அலகைப் போன்ற ஒரு ரப்பர் இருக்கும், அதுவும் விறைத்துப்போயிருந்தது, மாற்றினேன். எட்டு மாதங்களாக வாசல் சுத்தமாக இருக்கிறது, புல்லட்டாகவே இருந்தாலும்.


தொப்பூர் இறக்கம்:

நீங்கள் அனைவரும் தரையைப் பார்த்து எழுதுகிறீர்கள். என் ஆர்எக்ஸ் 100 வண்டியில் தரையில் ஒரு துளிகூட விழவில்லை; ஆனாலும் ஆயில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு கியரிலேயே உருட்டிக்கொண்டு போவது என் வழக்கம். சமதரை வந்து முறுக்கியதும், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், சூளைக்கு நெருப்பு வைத்ததைப் போல வெள்ளைப் புகை. லாரியின் முகப்பே தெரியவில்லை. புகை சற்று விலகியபோது, ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி என்னை நோக்கி விரித்துக் காட்டிய அந்தச் சைகை மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

என் வண்டி டூ ஸ்ட்ரோக்; அதில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில். கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் விறைத்துப் போனால், அந்த ஆயிலை இஞ்சினே உறிஞ்சிக் குடித்து எரித்துவிடும்; ஆக்ஸிலேட்டரை மூடி இறக்கத்தில் உருளும்போது உள்ளே இழுவை கூடுவதால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். கியர் ஆயிலை வடித்து அளந்தேன். 650 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனை ஈரமாகக் கறுத்திருந்தது. மூன்று பேர் பிஸ்டன் ரிங் என்றார்கள், ஒருவர் கார்பரேட்டர் என்றார். வடித்து அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சீல் மாற்றியதும் புகை நின்றது.


சிப்காட் ஃபிட்டர் (ஓய்வு):

பால்வண்டித் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். ஓசூரில் முப்பத்தொரு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். என் சொந்த வண்டியில் கசிவு வந்தது ஒரே முறை, கிக்கர் ஷாஃப்ட் சீலில், மாற்றினேன், நின்றது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகு சில விஷயங்களைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

முதலாவது, இறுக்குவது. அலுமினியத்தில் எஃகு போல்ட்டை முறுக்கும்போது கைப்பிடியின் நீளமே அளவு. அதில் குழாயைச் செருகுவது கொலைக்குச் சமம். டிரெயின் போல்ட்டில் எண்ணெயை அடைப்பது பலம் அல்ல, அந்த வாஷர். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக நசுங்காது, எனவே ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் கவர் போன்ற பெரிய கவர்களின் போல்ட்டுகளை வரிசையாகச் சுற்றிவந்து இறுக்காமல், ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாகக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும்.

இரண்டாவது, பசை. இன்று கவரின் விளிம்பில் கசிவை அடைக்கும் பேக்கிங்கைப் போடும் பையன்கள் சிலிகான் பசையைச் சப்பாத்திக்கு நெய் தடவுவதைப் போலத் தடவுகிறார்கள். வெளியே பிதுங்கி நிற்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் வலையில் போய் அடைத்தால், ஹெட்டுக்கு ஆயில் ஏறாது, கேம் தேய்ந்துபோகும். சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் இஞ்சினையே இழப்பீர்கள். நல்ல பேக்கிங்கும் சுத்தமான பரப்பும் இருந்தால் பசையே வேண்டாம். பழைய பேக்கிங்கை ஆக்ஸா பிளேடால் சுரண்டாதீர்கள். ஒரு கீறல் போதும், எண்ணெய் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் எடுங்கள்.

மூன்றாவது, அளவு. புல்லட்காரர் விஷயம் வேறு. மற்றவர்கள் நூற்றுக்கு எண்பது பேர் என்றுகூடச் சொல்வேன், சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தே பார்க்கிறார்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்து, குச்சியைத் துடைத்துச் செருகிப் பாருங்கள்; ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் குச்சியை மரையில் திருகாமல் வைத்தே அளக்க வேண்டும். திருகினால் குச்சி ஆழமாக இறங்கி அதிகம் காட்டும். நீங்கள் குறைவாக ஊற்றுவீர்கள். கடைக்காரர் ஒரு லிட்டர் புட்டி கொடுத்தார் என்பதற்காக முழுவதையும் கவிழ்ப்பதும் தவறுதான். அதிகமானாலும் அழுத்தம் கூடிச் சீல்களின் உதட்டைத் தள்ளும்.

நான்காவது, புல்லட்காரரைத் தவிர எவரும் பேசாத பிரீதர் குழாய். தூசியில் அடைத்தோ, மடிந்தோ போனால் கிராங்க் அறையின் காற்று வெளியேற வழியின்றி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். மூன்று சீல் மாற்றியும் நான்காவது இடத்தில் கசிகிறது என்று என்னிடம் வந்த வண்டிகளில் முதலில் அந்தக் குழாயைத்தான் வாயால் ஊதிப் பார்ப்பேன். குழாய் சரியாக இருந்து, உள்ளிருந்து இடைவிடாமல் புகை வந்துகொண்டிருந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குச் சீல் மருந்தாகாது.

வடித்த பழைய ஆயிலை ஏரிக்கரையில் ஊற்றாதீர்கள் என்றும் சொல்ல நினைத்தேன். சொல்லிவிட்டேன்.


காவேரிப்பட்டணம் செயின்கவர்:

ஃபிட்டர் ஐயா எழுதியதில் ஒன்றே ஒன்று: எங்கள் ஊரில் சில பழைய வண்டிகளுக்குப் பேக்கிங்கே கிடைப்பதில்லை. தடித்த காலண்டர் அட்டையைக் கவரின் விளிம்பில் வைத்துச் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டி வெட்டித்தான் போடுகிறோம். அதற்கு இலேசான பசை இல்லாமல் முடியாது. தேன்கனிக்கோட்டை நண்பர் பவுடரைப் பற்றிச் சொன்னதற்கு நான் இன்னும் உடன்படவில்லை.


பாலக்கோட்டுப் பால்வண்டி:

அனைவருக்கும் நன்றி. ஃபிட்டர் ஐயா சொன்னபடி பிரீதர் குழாயைக் கழற்றினேன். நுனியில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. ஓ-ரிங் இருபது ஆண்டில் விறைத்ததுதான் காரணமா, இந்தக் கூடும் சேர்ந்து தள்ளியதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டதால் இனி பிரித்தறிய வழியில்லை.

தினமும் இரவு மாம்பழப் பெட்டியின் அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, இரண்டு சக்கரங்களின் இடத்தையும் பென்சிலால் குறித்து வைக்கிறேன். காலையில் துளி எங்கே விழுந்தது என்று படுக்காமலே தெரிந்துவிடும். ஒன்பது நாட்கள் அட்டை சுத்தமாக இருந்தது. இன்று காலை ஒரு துளி. இஞ்சினுக்கு அடியில் இல்லை; முன் சக்கரத்தின் இடப்பக்கம், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிற்கு நேர் கீழே.