புதுப்பிப்பு: கோடைத் தோட்டத்துக்கு எந்த மூடாக்கு?

கத்தரி, கறிவேப்பிலைப் பாத்திகள் மதியத்துக்குள் காய்ந்துவிடுகின்றன, மூடாக்குக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்மேல் பரப்பும் போர்வைக்கு, வைக்கோலா, சருகா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தேங்காய் மட்டை யோசனைதான். முதலில் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, நாலு விரல் கனத்துக்குச் சருகு பரப்பி, அதன்மேல் மட்டைகளை முதுகுப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்தேன். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டேன். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். இப்போது மட்டையைத் தூக்கினால் மண் கையில் ஈரமாக ஒட்டுகிறது, மண்புழுவும் தெரிகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினாலே போதும்.

எதிர்பாராதது வைக்கோல் போட்ட பாத்தியில். ஒட்டியிருந்த நெல்மணிகள் முளைத்துவிட்டன, அப்புறம் கரையானும் வந்தது. கரையான் உள்ள மண் என்றால் வைக்கோல் வேண்டாம் என்பேன்.