மறு: மறு: ‘பிராடக்ட் பிளேஸ்மென்ட்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கைமாறு பெற்றுக்கொண்டு கதைக்குள்ளேயே கம்பெனிப் பொருளைக் காட்டும் ‘பிராடக்ட் பிளேஸ்மென்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். சம்பா பூக்கிற நேரம். வயலுக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இன்று விடிந்ததிலிருந்து மழை, வெளியே கால் வைக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மாலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் இரண்டு சீரியல் பார்ப்பார். விளம்பரம் வந்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். விளம்பரத்தில் சொல்வதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அப்படிப்பட்டவர் போன மாதம் மளிகைச் சீட்டு எழுதும்போது, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் வேண்டாம் என்று சொல்லி ஒரு கம்பெனி எண்ணெயின் பெயரைச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “டாக்டர் சொன்னாரு” என்றார். எந்த டாக்டர் என்று விசாரித்தால், சீரியலில் வரும் டாக்டர். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து பிழைக்கிறார். இனி இந்த எண்ணெய்தான் என்று டாக்டர் சொல்கிறார். அடுத்த காட்சியில் மருமகள் அந்தப் பாக்கெட்டைப் பெயர் தெரியும்படி பிடித்துக்கொண்டு வாணலியில் ஊற்றுகிறாள்.

“அது காசு வாங்கிக்கிட்டு வச்சதும்மா” என்றேன்.

“விளம்பரம்னா விளம்பரம்னு தெரியுமே. இது கதையில வந்துச்சு” என்றார்.

அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் பார்த்ததற்குப் பெயர் சொல்ல என்னிடம்தான் சொல் இல்லை. ‘பிராடக்ட் பிளேஸ்மென்ட்’ என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? ஆகவே இங்கே வந்த ஒவ்வொரு பரிந்துரையையும் அம்மாவின் முன்னால் வைத்துத்தான் பார்த்தேன்.

> ‘பொருள் அமைவு’ போதும். கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இது விற்பவர் பக்கத்துச் சொல் என்பது என் எண்ணம். எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டிருப்பதும் பொருள் அமைவுதான். மறைத்து வைத்தது, அதற்குக் கைமாறு பெற்றது என்ற இரண்டும் இந்தச் சொல்லில் இல்லை; இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் செட் அலங்காரம் மட்டும்தான். நடுநிலை என்று பார்த்தாலும், பதுக்கல், கள்ளச்சந்தை, கையூட்டு எல்லாமே தீர்ப்போடு பிறந்த சொற்கள்தானே? உணவுக் கலப்படத் தடைச் சட்டம் என்றுதான் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். ‘கலப்படம்’ நடுநிலையாக இல்லை என்று யாரும் வருத்தப்படவில்லை.

> ‘மறைமுக விளம்பரம்’ என்று பத்திரிகைகளில் ஏற்கெனவே எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள், ஆனால் வேறொன்றுக்கு. சாராயக் கம்பெனி தன் பெயரைச் சோடா பாட்டிலில் போட்டு விளம்பரம் செய்கிறதே, அதற்கு. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் தடுப்பதும் அதைத்தான். அங்கே விளம்பரம் வெளிப்படையாக இருக்கிறது, சரக்கு மறைந்திருக்கிறது. நாம் பேசுவதில் சரக்கு வெளிப்படையாக இருக்கிறது, விளம்பரம் மறைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் இரண்டுமே குழம்பும்.

‘கட்டணக் காட்சி’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். கட்டணம் இல்லாமலும் நடக்கிறது என்பதுதான் சிக்கல். 1982-இல் வந்த ‘ஈ.டி.’ படத்தில் அந்த வேற்றுக்கிரகப் பிராணிக்குச் சிறுவன் போடும் மிட்டாயைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். முதலில் கேட்கப்பட்ட மார்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. ஹெர்ஷி ஒப்புக்கொண்டது. காட்சிக்கென்று அது பணம் தரவில்லை. படத்தைத் தன் செலவில் 10 லட்சம் டாலருக்கு விளம்பரப்படுத்துவதாக ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்திலும் படப்பிடிப்புக்குக் கார் கொடுத்து, கடையைத் திறந்துவிட்டு, நகையை இரவலாகத் தந்து வரும் காட்சிகளைக் கட்டணம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது.

இனி, எனக்கு மனசுக்கு நெருக்கமாக இருந்த பரிந்துரை. தஞ்சாவூர் நண்பர் ‘இடைச்செருகல்’ என்று எழுதி, கம்பன் பாட்டில் நுழைந்த வெள்ளிப் பாடல்களை நினைவுபடுத்தியிருந்தார். தேரழுந்தூர் நம் பக்கத்து ஊர், அதனால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். ஒருவர் பாட்டுக்குள் இன்னொருவர் பாட்டு, அதே யாப்பில், அதே நடையில், பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத்தான் பிடிபடும். ஒப்புமை அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் ‘வெள்ளிக் காட்சி’ என்று அவர் ஆக்கிய சொல்லைக் கேட்டால் வெள்ளித்திரையும் வெள்ளிக்கிழமை ரிலீஸும்தான் நினைவுக்கு வரும். ‘செருகு விளம்பரம்’ என்றால் கதையை நிறுத்திவிட்டு நடுவில் போடும் விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். “அதுதான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போடுறானே” என்றார்.

அந்த நடு விளம்பரத்துக்காவது வரப்பு இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது டென்ட் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஸ்லைடு போடுவார்கள்: ஜவுளிக்கடை, பல்பொடி, பக்கத்து ஊர் டாக்டர். அப்புறம் விளக்கணைத்துப் படம் ஆரம்பமாகும். எது கடை, எது கதை என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். இன்றைக்கும் கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994-இல் 7-ஆம் விதியின் 10-ஆம் உட்பிரிவு, விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்த வரப்பை வெட்டிவிட்டு நடப்பதுதான் நம் சொல்லுக்கு உரிய பொருள்.

> வயல் உவமை வேண்டுமென்றால் ‘ஊடுவிளம்பரம்’ இருக்கிறதே, ஊடுபயிர் போல.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊடுபயிருக்கு நாம் அநியாயம் செய்கிறோம். இங்கே அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, மண்ணில் ஈரம் இருக்கிறபோதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். நெல் அறுத்ததும் அது எழுந்து வரும். உளுந்தைப் பார்த்து யாரும் நெல் என்று ஏமாறுவதில்லை. தெளித்தவர் சொல்லிவிட்டுத்தான் தெளிக்கிறார். மண்ணுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

வயலிலேயே தேடினால் சரியான சொல் வேறொன்று இருக்கிறது: கலவன்.

விதை நெல் பயிர் செய்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விதைக்கென்று போட்ட வயலில் வேறு ரகத்துப் பயிர் ஒன்றிரண்டு கலந்து முளைத்துவிடும். அதுதான் கலவன். களை என்றால் கண்டுபிடித்துவிடலாம். கோரையைக் குழந்தைகூடப் பிடுங்கும். கலவனும் நெல்தான். நாற்றங்காலில் தெரியாது, நட்ட பிறகும் தெரியாது, தூர்கட்டும்போதும் பெரும்பாலும் தெரியாது. பூக்கும்போதுதான் ஒன்று தலைக்கு மேலே நிற்கும், ஒன்று முந்திக் கதிர் தள்ளும், ஒன்று வேறு நிறம் காட்டும். அப்போது இறங்கி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, வேரோடு பிடுங்க வேண்டும். என் தம்பி விதைப் பண்ணை வைத்திருக்கிறான். கடந்த ஒரு வாரமாக எங்களுக்கு இதுதான் வேலை. சான்று விதை வயலில் கலவன் 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சான்று விதையைப் பெருக்க எடுக்கிற ஆதார விதை என்றால் 0.05 சதவீதம்தான். சான்று விதை வயலில் ஆயிரம் பயிருக்கு இரண்டு இருந்தால் பொறுப்பார்கள், மூன்று இருந்தால் வயலையே தள்ளிவிடுவார்கள். அவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், இந்த வயலில் விளைவது நாளைக்கு இன்னொருவர் வயலில் விதையாக விழப்போகிறது. சீரியல் டாக்டர் சொன்ன எண்ணெய் எங்கள் மளிகைச் சீட்டில் முளைத்ததும் அப்படித்தான்.

ஆகவே என் பரிந்துரை ‘கலவன் விளம்பரம்’. பேச்சில் ‘கலவன்’ என்று மட்டும் சொன்னாலும் போதும். கதையைப் போலவே வளர்ந்து, கதையின் தண்ணீரையே குடித்து, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற விளம்பரம். கலைச்சொல் என்றால் அதிலிருந்து மற்றச் சொற்கள் கிளைக்க வேண்டும் என்று இந்தக் குழுமத்தில் முன்பு பேசியிருக்கிறோம். கலவன் ஏற்றிய படம், கலவன் ஒப்பந்தம், கலவன் நீக்கிய பதிப்பு எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு காட்சியைப் போட்டுக் காட்டி “இதில் கலவன் எங்கே?” என்று கேட்கலாம்.

‘கலப்பட விளம்பரம்’ என்று இதைச் சுருக்கிவிடலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால் கெட்டுப்போனது விளம்பரம் என்று ஆகிவிடும். இங்கே கெட்டுப்போவது கதை.

கம்பெனி பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு சொல் வேண்டும். கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற ‘உபயம்’ என்ற சொல்லை எடுத்து ‘உபயக் காட்சி’ எனலாம் என்று தோன்றுகிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

நண்பர்களுக்கு மீண்டும் வணக்கம்.

ஒரே இரவில் பதினோரு மடல்கள். எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியவில்லை.

> இலங்கையில் ‘கலவன் பாடசாலை’ என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளி. எங்களுக்குக் கலவனில் எந்தக் குறையும் தோன்றாது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது எனக்குப் புதிய பலமாகத்தான் தெரிகிறது. ‘கலவன்’ ஆண்பால் போல ஒலிக்கிறது, மனிதரைக் குறிப்பது போல இருக்கிறது என்று இரண்டு பேர் வருந்தியிருந்தார்கள். ‘பாடசாலை’ என்ற சொல்லுக்கு முன்னால் அது அடைமொழியாக நின்று பழகியிருக்கிறதென்றால் அந்தக் கவலை வேண்டாம். குறை தொனிக்காதவர்களுக்கும் ‘கலந்து நிற்கும் விளம்பரம்’ என்ற பொருள் கிடைத்துவிடுகிறது. வயலைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கும்.

> வயலில் கலவன் தானாக வருகிறது. விளம்பரத்தைத் திட்டமிட்டு வைக்கிறார்கள். ஒப்புமை இங்கே உடைகிறதே?

உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன். நேற்று இதை நான் யோசிக்கவில்லை. கலவனை வேண்டுமென்று விதைக்கிற விவசாயி இல்லை. ஆனால் கலைச்சொல் பார்க்கிறவர் நிற்கிற இடத்திலிருந்து பிறக்கட்டும் என்று நினைக்கிறேன். விதை வாங்கி நட்டவருக்கு, கலந்தது யார், தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் பிறகு வருகிற கேள்வி. கதிர் வந்த பிறகு வயலில் நிற்கிறது, பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். நோக்கத்தை வரையறையில் எழுதிவிடலாம்: ‘கைமாறு பெற்று, பார்ப்பவருக்கு அறிவிக்காமல், கதையின் பகுதியாகக் காட்டப்படும் வணிகப் பொருள் அல்லது பெயர்’ என்று.

கும்பகோணத்து அம்மையார் ஒருவர் எழுதிய மடல்தான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. உபயம் என்பது சாமிக்குச் செய்வது, திரும்ப எதையும் எதிர்பார்க்காதது. கம்பெனிக்காரன் காசுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அவன் செய்வதைப் புண்ணியம் ஆக்கிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார். அவர் சொல்வதுதான் சரி. ‘உபயக் காட்சி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்கிறேன். உபயத்தில் எனக்குப் பிடித்தது, கொடுத்தவர் பெயரை எல்லோரும் பார்க்க எழுதிவைப்பது. பெரிய கோயிலில் ராசராசன், தான் கொடுத்தது, அக்கன் (அக்காள்) கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான். யார் எதைக் கொடுத்தார் என்பதில் ஒளிவு இல்லை. பிரிட்டனில் 2011 பிப்ரவரி 28 முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இவ்வகை விளம்பரத்தை அனுமதித்தபோது, நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும், விளம்பர இடைவேளைக்குப் பிறகும் திரையின் மூலையில் ‘பி’ என்ற எழுத்தைக் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த மூலை எழுத்துக்கு நமக்கு ஒரு சொல் தேவை. நம் படங்களின் தொடக்கத்தில் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் நன்றி அட்டைகள் அந்த வேலையைச் செய்வதில்லை. அந்தப் பெயர்கள் எந்தக் காட்சிக்காக வந்தன என்று அவற்றில் இருப்பதும் இல்லை. அறிவிப்புக்கு மட்டும் ‘உபயக் குறிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா? குறிப்பு இல்லாவிட்டால் அது கலவன். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ‘கைமாறு குறிப்பு’ என்று போடுவோம், எனக்குச் சம்மதம்.

எழுதும்போது ‘கலவன் விளம்பரம்’ என்று இரண்டு சொல்லாகவே பிரித்து எழுதுவோம். நடுவில் ஒற்று வராது.

அம்மாவிடம் நேற்று இரவு சொல்லிப் பார்த்தேன். கலவன் எடுப்பதில் எங்களைவிட அவருக்குத்தான் பழக்கம் அதிகம். அப்பா காலத்தில் விதை வயலில் இறங்கியவர். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் மூன்று பேர் ஒரே பெயர் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். “இதுவும் கலவன்தானா?” என்று கேட்டார். எண்ணெய் விஷயத்தில் இன்னும் முடிவு சொல்லவில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதை வயலில் பிடுங்குகிற இந்த மாற்றுப் பயிருக்கு உங்கள் பக்கத்தில் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள். கலவனைவிடப் பொருத்தமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.