புதுப்பிப்பு: தரவரிசையைப் பார்த்து மகளின் பொறியியல் கல்லூரியை முடிவு செய்யலாமா?

பெங்களூரில் மகளுக்குக் கிடைத்த இரு கல்லூரிகளில் தரவரிசையில் முந்தியதையே எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன், பின்தங்கியதையே தேர்ந்தெடுத்துவிட்டோம்.

2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசை) பட்டியல், பொறியியல் பிரிவில் நூறு மதிப்பெண்ணில் கற்பித்தல் வளங்களுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, நற்பெயருக்கு 10, மீதி மற்ற அளவுகோல்களுக்கு எனப் பிரிக்கிறது. தரவுகளில் பெரும்பகுதியை நிறுவனங்களே தருகின்றன. இந்திய அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்கு ஆராய்ச்சி மதிப்பெண் மிகவும் பொருளுள்ளது. ஆனால், முதலாண்டு மாணவிக்குப் பாடம் நடத்தப்போவது யார், ஆய்வகத்தில் கருவியைத் தன் கையால் இயக்க விடுவார்களா என்பதை அது சொல்லாது.

ஆகவே அவள் சேரவிருக்கும் மின்னணுவியல் துறையின் இறுதியாண்டு மாணவர்களிடமே இவற்றைக் கேட்டோம். பின்தங்கிய கல்லூரியில் கிடைத்த விடைகள் தெளிவாக இருந்தன. கட்டணமும் அங்கே குறைவு. சேர்க்கை முடிந்துவிட்டது.