சரிவில் குவாட் பள்ளத்துப் பக்கம் சாய்கிறது: தனித்தனிப் பின் சஸ்பென்ஷன்தான் காரணமா?

பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் தம்பி ஹோண்டா டிஆர்எக்ஸ்700எக்ஸ்எக்ஸ் குவாட் (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர பைக்) ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறான். 2008, 2009 மாடல்களாக மட்டும் வந்த 686 சிசி வண்டி. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். நான் சென்னையில் இருந்தாலும் குளிர்காலத்தில் அங்கே போய்விடுவேன். அல் பதாயர் மணற்குன்றுகளில் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அடுத்த மாதம் மறுபடியும் பயணம்.

வண்டி நேராக ஏறும்போது குறை சொல்ல முடியாது. சரிவில் குறுக்காகப் போகும்போதுதான் பயமாக இருக்கிறது. பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சாய்கிறது. மேட்டுப் பக்கத்துச் சக்கரம் மணலை விட்டுக் கிளம்பிவிடுகிறது. காற்று உண்டாக்கிய சிறு அலைகளின் மேல் வேகமாகப் போனால் இருக்கை பின்னாலிருந்து உதைக்கிறது. சரிவில் திரும்பும்போது பின்னால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தமும் கேட்கிறது.

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டில் பிணைக்கும் நேர் ஆக்சில்தான் மணலுக்குச் சரி, தனித்தனி சஸ்பென்ஷன் கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதைக்குத்தான் என்று அங்குள்ள நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். கடினமான ஸ்பிரிங் போடலாமா, வண்டியையே மாற்றிவிடலாமா? எனக்கு இதை விட மனமில்லை. தேவையானதை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போக விரும்புகிறேன்.

அம்பத்தூர் பட்டறை

ஸ்பிரிங்குக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இருவரின் எடை என்ன? ஷாக் அப்சார்பர் கம்பெனியோடு வந்ததா, மாற்றியதா? பின்னால் பேடில் டயரா (மணலை வாரித் தள்ளும் துடுப்பு வைத்தது)? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்புறத்திலிருந்து, ஆக்சில் உயரத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர்வாசி

எனக்கு 66 கிலோ, தம்பிக்கு 70. முந்தைய உரிமையாளர் நல்ல கனமான மனிதராம். பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு மரை வெட்டிய (வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற) வேறு ஷாக் போட்டதும், பேடில் டயர் மாட்டியதும் அவர்தான். படம் இணைத்திருக்கிறேன்.

சைதை வேகம்

விற்றுவிட்டு யமஹா ராப்டர் 700 வாங்குங்கள். அதுவும் 686 சிசிதான், நேர் ஆக்சில். வளைகுடாவில் எந்தக் கடையிலும் உதிரி பாகம் கிடைக்கும். உங்கள் வண்டிக்குத் தேட வேண்டியிருக்கும்.

முன்னாள் பாஹா

உதிரி பாகம் பற்றிச் சைதை நண்பர் சொல்வது நியாயம். ஆனால் இந்தச் சாய்வுக்கு வண்டியின் அமைப்பைக் குறை சொல்ல முடியாது. படத்தைப் பாருங்கள். பின்சக்கரங்களைச் சட்டகத்தோடு இணைக்கும் ஏ-ஆர்ம்கள் இரண்டு பக்கமும் களைத்துப்போன கொக்கின் இறக்கைபோலக் கீழ்நோக்கித் தொங்குகின்றன. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கல்லூரியில் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்கு வண்டி கட்டிய குழுவில் இருந்தேன். தனித்தனிப் பின் சஸ்பென்ஷனோடு இரவு பகலாக மல்லுக்கட்டியிருக்கிறோம். நேர் ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்கை இறுக்கினால் உடல் உயரும். இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம் அப்படியே இருக்கும். உங்கள் வண்டியில் அப்படியல்ல. ஆர்ம் கீழே தொங்கத் தொங்கச் சக்கரங்கள் உள்ளே வருகின்றன, அகலம் குறைகிறது. உயரம் கூடி அகலமும் குறைந்த வண்டி சரிவில் சாயத்தானே செய்யும்? போதாக்குறைக்கு, பள்ளப் பக்கத்துச் சக்கரம் வாங்கும் பக்கவாட்டு விசை தொங்கும் ஆர்ம் வழியாகவே வந்து உடலை இன்னும் மேலே தூக்குகிறது.

முந்தைய உரிமையாளர் ஏன் இப்படி இறுக்கினார் என்பதையும் ஊகிக்க முடிகிறது. ஸ்விங் ஆர்ம் உள்ள (அதாவது நேர் ஆக்சில்) குவாட்டில் செயினின் இழுவையே பின்பக்கம் அமுங்காமல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். உங்களுடையதில் பின் ஸ்பிராக்கெட் சட்டகத்தோடு பிணைந்த கூட்டுக்குள் இருக்கிறது. சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் செயினுக்கு அது தெரியாது. செயின் தளர்ந்து இறுகாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அந்தத் தாங்குதல் கிடைக்காது. பேடில் டயர் மணலைக் கவ்வும்போது எடை பின்னால் போய் வண்டி குந்தும், முன்சக்கரம் லேசாகும். கனமான ஆள் உட்கார்ந்தால் இன்னும் அதிகம். அதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங்கை இறுக்கியிருப்பார். அவர் எடைக்கு ஆர்ம் ஓரளவு சமநிலைக்கு வந்திருக்கும். 66 கிலோவுக்கு அது இறங்கவே இறங்காது.

உதைப்பதற்கும் இதுவே காரணம். சக்கரம் மேலே போக மட்டும் இடம் இருந்தால் போதாது. குழி வரும்போது கீழே இறங்கவும் இடம் வேண்டும். ஏற்கெனவே கடைசிவரை தொங்கும் சக்கரம் எங்கே இறங்கும்?

மணலுக்கே ஆகாது என்ற பேச்சை ஒதுக்கிவிடுங்கள். போலாரிஸ் 2006இல் அவுட்லா 500ஐ இதே அமைப்போடு கொண்டுவந்தது, பிறகு கேடிஎம் எஞ்சினோடு அவுட்லா 525 வந்தது. எடையும் பாகங்களும் கூடுதல் என்பது உண்மைதான். சரியாக அமைத்துவிட்டால் அலைமணலில் முதுகை வலிக்கவிடாத வண்டிகள் அவை.

அம்பத்தூர் பட்டறை

பாஹா தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கும்போது ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே சட்டகத்தில் ஒரு புள்ளிவரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு இறக்கி, ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்ட ஆளை ஏற்றி, இரண்டு முறை குலுக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். சஸ்பென்ஷனின் மொத்த ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பது முக்கியம்.

இறங்காவிட்டால் முதலில் மரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து மணலை எடுக்க வேண்டும். மணலோடு திருகினால் அலுமினிய மரை போய்விடும். பூட்டு வளையத்தைத் தளர்த்திக் கொக்கி ஸ்பானரால் மெல்ல இறக்குங்கள். எத்தனை சுற்று என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். முழுவதும் தளர்த்தியும் போதவில்லை என்றால் ஸ்பிரிங்கே உங்கள் எடைக்குக் கடினம். வேண்டியது மென்மையான ஸ்பிரிங், நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

அந்த ‘டக் டக்’ சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க மூட்டான சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்ம் தொங்கினால் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், ரப்பரின் ஒரு பக்கம் எப்போதும் இழுபட்டே இருக்கும். கிழிசல் பெரும்பாலும் மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும்.

மேற்குத் தாம்பரம்

அபுதாபியின் லிவா மணற்குன்றுகள் பக்கம் பல குளிர்காலங்கள் ஓட்டியவன் நான். அமைப்பைச் சரிசெய்த பிறகும் ஓட்டும் முறை மாற வேண்டும், தம்பி. நேர் ஆக்சில் ஓட்டிப் பழகியவர்கள் திருப்பத்தில் திராட்டிலை ஒரு தட்டுத் தட்டிப் பின்பக்கத்தை வீசித் திருப்புவார்கள். உங்கள் வண்டி மணலைப் பிடித்துக்கொண்டு போகும், அவ்வளவு எளிதாக வீசாது. வீசும் என்று சரிவில் காத்திருந்தால் பள்ளப் பக்கத்துச் சக்கரம் தோண்டிக்கொள்ளும். திருப்பத்தைச் சற்று முன்னதாகவே தொடங்கி, சீரான திராட்டிலில் போங்கள்.

குறுக்குச் சரிவில் இருக்கையிலிருந்து சற்று எழுந்து, எடையை மேட்டுப் பக்கத்துக் கால்மிதியில் வையுங்கள். மேட்டுச் சக்கரம் கிளம்பினால் ஹேண்டிலைப் பள்ளத்தை நோக்கித் திருப்பி இறங்கிவிடுங்கள். மேட்டை நோக்கித் திருப்புவதும் பிரேக்கைப் பிடிப்பதும்தான் புரட்டிவிடும். ஏற்றத்தில் முன்பக்கம் லேசானால் மார்பை ஹேண்டிலுக்கு மேல் கொண்டுபோங்கள். ஸ்பிரிங்கை இறுக்கிச் செய்ய நினைத்ததை உடம்பாலேயே செய்துவிடலாம்.

உச்சியில் கவனம். காற்று அடிக்கும் பக்கம் சாய்வு மென்மையாக இருக்கும். மறுபக்கம் 30 பாகைக்கும் மேல் செங்குத்தாக விழும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று தெரியாது. நீண்ட கொடிக்கம்பம் இல்லாமல் தம்பியை இறங்க விடாதீர்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். காலையிலேயே ஓட்டி முடியுங்கள்.

பெரம்பூர்வாசி

மிக்க நன்றி ஐயா. இன்னொரு சந்தேகம். போவதற்கு முன் இங்கேயே பழகிப் பார்க்கலாமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகைக் குவாட் கிடைக்கிறது. கோவளம் தாண்டி ஆளில்லாத கடற்கரை இருக்கிறது. தூத்துக்குடி பக்கத்துத் தேரிக்காட்டையும் ஒரு நண்பர் சொன்னார்.

பெசன்ட் நகர் ஆமைநடை

கடற்கரையில் ஓட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. குழியை மூடிவிட்டு அவை போன பிறகு மேலே ஒரு அடையாளமும் நிற்காது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் 1988 முதல் இரவு இரவாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருக்கும் சிறு மணல்மேடுகளும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணற்குன்றுகள் முதல் வகையிலேயே வருகின்றன. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கேயும் வேண்டாம்.

மேற்குத் தாம்பரம்

அம்மா சொல்வதுதான் சரி. கடலோர ஈரமணல் பாலைவனப் பொடிமணலைப் போல நடந்துகொள்ளவும் செய்யாது. வேலி போட்ட மண் தடத்தில் வாடகைக் குவாட் எடுத்து, எழுந்து நின்று எடை மாற்றுவதை மட்டும் பழகுங்கள். அது போதும்.

பெரம்பூர்வாசி

கடற்கரை எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். தேரியையும்தான்.

வெள்ளிக்கிழமை தம்பி அளந்துவிட்டான். அவன் உட்கார்ந்தும் மொத்த ஏற்ற இறக்கத்தில் எட்டில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அதிகம் இறுக்கப்பட்டிருந்தது. இரண்டையும் சமமாக இறக்கி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வைத்திருக்கிறான். ஆர்ம்கள் இப்போது ஏறக்குறையக் கிடைமட்டமாக நிற்கின்றன. சிறிய மேட்டில் மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பார்த்தானாம், சக்கரம் கிளம்பவில்லை.

வலப்பக்க வெளி பூட் மடிப்புக்குள் கிழிந்திருந்தது. விரலை விட்டால் கிரீஸோடு மணல் நறநறவென்று வருகிறதாம். ஜாயின்ட்டைக் கழுவிப் புது பூட் போட்டால் போதுமா?

அம்பத்தூர் பட்டறை

கழுவித் துடைத்த பிறகு குண்டுகள் ஓடும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் எங்காவது இடறினால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். கிரீஸ் அதைக் குணப்படுத்தாது. வழுவழுப்பாக இருந்தால் புது பூட் போட்டு, மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸை நிறைத்துவிடலாம். கிரீஸ் அங்கேயே கிடைக்கும். ரப்பர் உறையின் இரு வாய் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து அனுப்பினால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பொருத்தமானதைத் தேடலாம். நான்கு உறைகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், கிளாம்ப்போடு.

ஸ்பிரிங்கை இறக்கியதால் ரிபவுண்டையும் (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம்) ஒருமுறை பார்க்க வேண்டும். அலைமணலில் பின்பக்கம் மேலே வராமல் படிப்படியாக அமுங்கிக்கொண்டே போனால் ஒரு கிளிக் திறந்துவிடுங்கள். பழையபடி உதைத்தால் ஒரு கிளிக் மூடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் பூட்டு வளையங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆள் ஏற வேண்டும்.