குவாட் 33 வாங்கினேன், சிடி போட்டால் இடது பக்கம் அமுங்கியது

பழைய ப்ரீஆம்ப் (ரெக்கார்டு பிளேயர், ரேடியோ போன்றவற்றின் சிக்னலை வாங்கி, வால்யூமைச் சரிசெய்து பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் பெட்டி) வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் வாங்கியது குவாட் 33. இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்தது. வால்வுகளை (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறி அவர்கள் செய்த முதல் ப்ரீஆம்ப். அமெரிக்கப் பெட்டிகளையும் பார்த்தேன். பல 117 வோல்ட்டுக்குச் செய்தவை, தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். குவாட் நம் வீட்டுக் கரண்டிலேயே ஓடும்.

கோவையில் பழைய கருவிகளைச் சரிசெய்து விற்பவர் ஒருவரிடம் கிடைத்தது. "ரீஸ்டோர் செய்தது" என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருப்பதால் நேரிலேயே போனேன். என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டதும் மூடியைக் கழற்றிவிட்டார். வயதானால் கெட்டுப்போகும் பாகங்களான எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் அத்தனையும் புதிது. கழற்றிய பழையவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். அந்த டப்பாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்து முதலில் அப்பாவின் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டேன். சீவாளியின் கரகரப்பு வரைக்கும் கேட்டது. தேய்ந்த ரெக்கார்டுதான், ஆனால் இதில் 5, 7, 10 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று ஃபில்டர் பட்டன்கள் உண்டு. 7-ஐ அழுத்தியதும் கீறல் சத்தம் அடங்கிவிட்டது, வாத்தியம் அடங்கவில்லை. இன்றைய ஆம்ப்களில் இந்த வசதியை ஏன் விட்டுவிட்டார்கள் என்று இன்னமும் எனக்கு வருத்தம்தான்.

சிக்கல் சிடி பிளேயரில் வந்தது. ரேடியோ சாக்கெட்டில் இணைத்தேன். வால்யூமை லேசாகத் தொட்டாலே வீடு அதிர்ந்தது. குறைத்து வைத்தால் இடது பக்கம் அமுங்கியது. இரண்டு வாரம் கேபிளை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன். கடைசியில் விற்றவருக்கே போன் செய்தேன்.

"ரெக்கார்டு போட்டா ரெண்டு பக்கமும் சரியா இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்போ பெட்டியில ஒண்ணுமில்ல. சிடிதான் அதிகமா தள்ளுது."

அப்புறம் விளக்கமாகச் சொன்னார். ரேடியோ சாக்கெட் எதிர்பார்ப்பது 100 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது இருபது மடங்கு. அதனால் வால்யூமை அடிமட்டத்திலேயே வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய வால்யூம் கண்ட்ரோலில் இடது, வலது தடங்கள் சரியாகப் பொருந்தாமல் போவது அந்த அடிமட்டத்தில்தான். ரெக்கார்டுக்கு வால்யூமைப் பாதி வரை திருப்புவதால் அங்கே வித்தியாசம் தெரியவில்லை.

சிடியின் சிக்னலைக் குறைக்க, சென்னை ரிச்சி தெருவில் நான்கு ரெசிஸ்டர் வாங்கினேன். பக்கத்துக்கு இரண்டு: சிக்னல் வரும் வழியில் 47 கிலோ ஓம், அதற்கு அடுத்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம். சிக்னல் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பின்பக்கம் இருப்பது ஐந்து முள் டிஐஎன் (பழைய வட்ட வடிவ) சாக்கெட் என்பதால் எப்படியும் ஒரு கேபிள் செய்ய வேண்டியிருந்தது, அந்தக் கேபிளிலேயே நான்கையும் சால்டர் வைத்துவிட்டேன்.

இப்போது சிடிக்கும் வால்யூம் பாதி வரை போகிறது, இரண்டு பக்கமும் சமம். பேலன்ஸை அதன் பிறகு தொடவே இல்லை. டேப் போர்டை (டேப் ரெக்கார்டருக்காகப் பெட்டியில் இருக்கும் சர்க்யூட் போர்டு) மாற்றி அந்த வழியாக சிடி கேட்பவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.