பதில்: தீவிர சிகிச்சை ஃபெலோஷிப்புக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

'கிரிட்டிக்கல் கேர் ஃபெலோஷிப்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தொடங்கிய இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை என்பதால் பதில் எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது.

முதலில் வந்த 'ஆய்வு உதவித்தொகை' சரிவராது. அது ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம். 'உறுப்பாண்மை'யும் வேறு, பிரிட்டனின் ராயல் கல்லூரிகள் என்ற மருத்துவர் அமைப்புகள் வழங்க, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது அது. நாம் பேசுவது மூன்றாவது ஒன்றை. மயக்கவியலிலோ பொது மருத்துவத்திலோ முதுநிலை முடித்த ஒருவர், மேலும் ஓரிரு ஆண்டு ஒரே துறையில், மூத்தவரின் கண்பார்வையில் வேலை செய்தபடியே கற்பது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே தேட வேண்டுமா என்ன?

அதற்கு முன் 'கிரிட்டிக்கல்'. 'மாறுநிலை மருத்துவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன். இயற்பியலில் மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம் ஏற்கெனவே உண்டு. கிரேக்க மூலமும் நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்று தீர்மானமாகும் கட்டத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'மாற்று மருத்துவம்' என்றுதான் காதில் விழும். ஆளை வென்டிலேட்டரில் வைத்துவிட்டு வெளியே வந்து அப்படிச் சொன்னால் உறவினர்கள் என்ன நினைப்பார்கள்! இலங்கைப் பாடநூல்களில் இதே இயற்பியல் சொல் 'அவதி': அவதி வெப்பநிலை, அவதிக் கோணம். எல்லை என்ற பொருளில் சரிதான். ஆனால் 'அவதி மருத்துவம்' என்று பலகை மாட்டினால் உள்ளே வர யாருக்குத் துணிவு வரும்? 'நெருக்கடி' அவசர சிகிச்சையோடு குழம்பும். செய்தித்தாள்களின் 'கவலைக்கிடம்' உறவினரின் கவலையைச் சொல்வது, துறைக்குப் பெயராகாது. 'தீவிர சிகிச்சை' கதவிலும் இருக்கிறது, மக்கள் வாயிலும் இருக்கிறது. வடசொல் என்பதற்காக அதைக் கழற்ற வேண்டாம்.

இனி ஃபெலோ. நான் முதலில் குறித்துவைத்தது 'துணைமைப் பயிற்சி'. ஃபெலோ என்பதன் பழைய பொருள், சேர்ந்து முதல் போட்ட கூட்டாளி. ஆனால் துணை இயக்குநர், துணைவேந்தர் என்று சொல்லிச் சொல்லி 'துணை'யில் கீழ்ப்பதவி வாடை ஏறிவிட்டது. 'பயிற்சி மருத்துவர்' என்றாலோ இளநிலை முடித்து வார்டுக்கு வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரவு மூன்று மணியை நினைத்துக்கொள்ளுங்கள். தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் செப்சிஸ் நிலையில் ஒரு நோயாளி. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, சிறுநீர் நின்றுவிட்டது. படுக்கையருகே நிற்பவர் ஃபெலோ. அல்ட்ராசவுண்டில் கழுத்துச் சிரையைப் பார்த்து டயாலிசிஸ் குழாயை அவரே போடுகிறார். இப்போதே தொடங்கலாமா, விடியும்வரை பொறுக்கலாமா என்பதை மட்டும் போனில் மூத்தவரிடம் கேட்கிறார். இவரை மாணவர் என்பதா, மருத்துவர் என்பதா?

'பயில்' என்ற வினை இரண்டையும் தாங்கும். கற்பதும் பயில்வதுதான், செய்து செய்து பழகுவதும் பயில்வதுதான். அதோடு 'உடன்' சேர்த்து 'உடன்பயிற்சி' என்று எழுதிவைத்தேன். வார்டில் செவிலியரிடம் சொன்னபோது, "உடற்பயிற்சியா டாக்டர்?" என்றார். மாறுநிலையை நான் விழத்தட்டிய அதே கல் எனக்கும் தடுக்கியது. அதனால் 'உடன்பயில்வு' என்று மாற்றுகிறேன். செய்பவர் 'உடன்பயிலுநர்'.

ஒரே இடத்தில் சேர்ந்து படித்தவர்களைச் சொல்லும் 'ஒருசாலை மாணாக்கர்' என்ற பழைய வழக்கைக் காட்டி, உடன் என்றால் சக மாணவர் என்றுதானே படும் என்று சிலர் கேட்கலாம். படட்டும். ஆனால் இந்தத் துறையில் 'உடன்' என்பது நோயாளியின் உடனிருப்பதையும் குறிக்கும். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டிய வழியில் மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் படுக்கையருகே உட்கார்ந்தார்கள். தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய குழாய்வழி, கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அதன் தொடர்ச்சியாக வந்ததுதான்.

ஆக, 'தீவிர சிகிச்சை உடன்பயில்வு'. கொஞ்சம் நீளம்தான். பாடத்திட்டத்தின் தலைப்புக்குப் போதும், வார்டில் 'பயிலுநர்' என்று சுருங்கிக்கொள்ளும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். எழுதுமுன் உங்கள் மாற்றுச்சொல்லைப் போனில் யாரிடமாவது ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கு என்ன கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.